எது மிகவும் தேவையோ அதற்கு

அமெரிக்காவிலிருந்து வருகிறவள் பெட்டியில் சாக்லேட் இருக்க வேண்டும் என்பது உலக நியதி. என் பெட்டியைத் திறந்ததும் மேலே ஒரு ஃபைல்தான் இருந்தது. திருக்கனூர் வீட்டில், அத்தையை மாமி என்று கூப்பிடும் அண்ணன் பிள்ளைகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமி, ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துட்டியா?" என்றார்கள். சாக்லேட் அடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்த பிறகுதான் எனக்கு உட்கார நாற்காலி கிடைத்தது.

அண்ணனுக்கும் என்மேல் வருத்தம். "பத்து நாளு லீவு. அதுவும் நாலு வருஷம் கழிச்சு. ஒரு காலேஜப் பாக்கவா வந்த?" என்று கேட்டார். அண்ணி பிரியாணியும் தால்ச்சாவும் வைத்து அவர் வாயை அடைத்தார். தால்ச்சாவில் மாங்காய் போட்டிருந்தார்கள். நான் வசிக்கும் குளிர்ந்த ஊரில் மாங்காய் என்ற பெயரில் விற்பதைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே மரியாதை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் மலைமேல் ஒரு சின்னக் கல்லூரி. நம் திருக்கனூர் சந்தையில் ஒரு நாள் கூடுகிற கூட்டம்கூட மொத்த மாணவர்கள் இருக்க மாட்டார்கள். தத்துவம், சரித்திரம், கவிதை, பாறைகள் என்று வேலை கிடைக்காத பாடங்களாகப் பார்த்துப் படிப்பார்கள். கல்லூரி ஓடுவது பாதிக்குமேல் பழைய மாணவர்கள் கொடுப்பதில். அவர்களுக்குப் போன் போட்டு, குசலம் விசாரித்து, கடைசியில் கை நீட்டுவது என் வேலை. பிச்சை என்று அண்ணன் சொல்வார். ஏறக்குறைய அதுதான்.

நாங்கள் அனுப்பும் படிவத்தில் நாலைந்து கட்டங்கள் இருக்கும். விளையாட்டுக்கு, இசைக்கு, நூலகத்துக்கு என்று. கடைசிக் கட்டம், 'எது மிகவும் தேவையோ அதற்கு.' என் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரக் கிழவி. முதல் நாளே என்னிடம் சொன்னார். "கட்டிடத்தில் பேர் போடச் சொல்கிறவர்கள் ரிப்பன் வெட்ட வருவார்கள். கடைசிக் கட்டத்தில் டிக் போடுகிறவர்களால்தான் வாத்தியாருக்குச் சம்பளம் போகிறது." அந்தப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன். என் வினை அங்கே தொடங்கியது.

நான் படித்ததும் ஒரு சின்னக் கல்லூரிதான். பாகூர் போகிற ரோட்டில், வயலுக்கு நடுவே. வரலாறு படித்தேன். என்னோடு படித்த அமுதா அங்கேயே ஆசிரியை ஆகிவிட்டாள். உறுவையாற்றுக்காரி. பதினெட்டு வருடமாகக் 'கௌரவ விரிவுரையாளர்'. கௌரவம் என்றால் நிரந்தரம் கிடையாது, லீவுக்குச் சம்பளம் கிடையாது, வருடா வருடம் கையெழுத்துப் போட்டு உள்ளே வர வேண்டும் என்று அர்த்தம். மூன்று வருடத்துக்கு முன்னால் போனில் பேச்சுவாக்கில் சொன்னாள், வரலாற்றுத் துறையை மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்று. சம்பளம் கொடுக்க வெளியிலிருந்து யாராவது முன்வந்தால் துறை பிழைக்கும் என்று கல்லூரி முதல்வர் சொன்னாராம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

துபாய், சிங்கப்பூர், பாரிஸ் என்று சிதறிக்கிடந்த பழைய மாணவர்களை ஒரு வாட்ஸப் குழுவில் பிடித்துப் போட்டேன். நானே படிவம் எழுதினேன். கட்டமே ஒன்றுதான் வைத்தேன். எது மிகவும் தேவையோ அதற்கு. பணம் அவரவரிடமிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகும்படி செய்து, அதே வரியோடு கல்லூரிக்கு ஒரு கடிதமும் அனுப்பினேன். மனசுக்குள் அமுதாவின் சம்பளம் என்று வைத்திருந்தேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, அமுதாவிடம்கூட. கொடுக்கிறவர் கல்லூரியின் கையைக் கட்டக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் பாடம். என் தோழிக்கு நான் பிச்சை எடுக்கிறேன் என்று பேர் வரக் கூடாது என்பது என் சொந்தக் கொழுப்பு.

இரண்டாம் நாள் வில்லியனூரில் பஸ் மாறினேன். பஸ் வருவதற்குள் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். அடுத்த பஸ்ஸில் கண்டக்டரிடம், "காலேஜ் ஸ்டாப் ஒண்ணு" என்றேன்.

"எந்தக் காலேஜு? இந்த ரூட்ல இன்ஜினியரிங்கே நாலு இருக்குது" என்றான்.

நான் பேரைச் சொன்னேன். அவனுக்குத் தெரியவில்லை. வந்தால் நானே சொல்கிறேன் என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருடம் கழித்தும் என் கல்லூரி எனக்குத் தெரியாதா என்ற திமிர். வயல் வந்தது, பிராந்திக் கடை வந்தது, மறுபடி வயல், மறுபடி பிராந்திக் கடை. துணி சுற்றிய பெரிய வளைவு ஒன்று வந்தது. ஏதோ கல்யாண மண்டபம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த ஊரும் வந்த பிறகு கண்டக்டரைக் கேட்டேன்.

"அட, ஆர்ச்சா? ஆர்ச் தாண்டிட்டமே. ஆர்ச்சுன்னு கேக்கணும்க்கா. காலேஜுன்னா யாருக்குத் தெரியும்?"

இறங்கி வெயிலில் நடந்தேன். வழியில் ஒரு அம்மா வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். ஒரு பொட்டலம் வாங்கி உரித்துத் தின்றபடி போனேன்.

வளைவு பிரமாதமாக இருந்தது. இரண்டு தூண்கள், தூணுக்கு ஒன்றாக இரண்டு அன்னங்கள், உச்சியில் சிமென்டால் செய்த திறந்த புத்தகம். புத்தகத்தில் எழுத்து இல்லை. இடதுபக்கத் தூணில் கருங்கல் பதித்து, பெயர்கள் வெட்டி, ஒரு பெயிண்டர் தங்க நிறம் அடித்துக்கொண்டிருந்தார். பாதிக் கல்தான் முடிந்திருந்தது. கீழ்ப்பாதியில் நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது. முதல் பெயர், 'திருமதி பவுசியா, அமெரிக்கா.'

"அது 'பௌ'" என்றேன்.

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். "அமெரிக்காக்காரங்க நீங்கதானா? கல்லுல வெட்டனது வெட்டனதுதாம்மா. படிச்சா ஒண்ணுதான வருது."

வளைவுக்கு உள்ளே கல்லூரி நான் விட்டுப்போன மாதிரியே இருந்தது. இன்னும் கொஞ்சம் மோசமாகவே. ஒவ்வொரு ட்யூப்லைட்டிலும் 'உபயம்' என்று போட்டு, கொடுத்தவர் பேர், அவர் அப்பா பேர், கடைப் பேர். எழுத்துப் போக மிச்சமிருந்த சந்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நான் யாரைச் சொல்ல? எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், ஒரு ஃபேன் கொடுத்தார். மூன்று இறக்கையிலும் பேர். ஃபேன் சுற்றினால் பேர் தெரியாது. தொழுகை நேரத்தில் கரண்ட் போனால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், அத்தா மட்டும் அண்ணாந்து பார்ப்பார். எங்கள் ரத்தத்தில் ஊறினது இது.

அமுதா ஸ்டாஃப் ரூமிலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முன்முடி நரைத்திருந்தது.

"ஆர்ச்சப் பாத்தியாடி? உன் பேருதான் மொதல்ல. நீ வந்து நேர்ல பாக்கணும்னு கரஸ்பாண்டன்ட் யாரையும் வாயத் தொறக்க வுடல."

"உன் வேலை இன்னாச்சு?"

"வெள்ளிக்கிழமையோட முடியுது. ஆர்ச் தொறக்கற அன்னிக்கே." டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். எலுமிச்சம்பழ சாதம். "புதுசா யாரையும் சேக்கல. மிச்சம் இருக்கற ஏழு பசங்கள எகனாமிக்ஸ் சார் பாத்துக்குவாராம். அரியாங்குப்பத்துல ஒரு டியூஷன் சென்டர்ல வரச் சொல்லிருக்காங்க. அஞ்சாவதுக்கு எல்லா சப்ஜெக்டும்."

அந்த வளைவு உன் சம்பளம்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நல்லா இருக்குடி சாதம் என்றேன்.

மூன்றாம் நாள் அவள் தன் ஏழு மாணவர்களைப் பாகூர்க் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கடைசி வாரம், போகலாம் என்று அவளே முடிவு செய்தது. ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர். டிரைவர் பக்கத்தில் ஒரு பையன் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்து வந்தான். அங்கே என் மகன் கார் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்தும். இங்கே அமுதாதான் கத்தினாள். "காலை உள்ள வைடா, எனக்கு ஏழு பேரும் முழுசா வேணும்."

கோயில் சுவரில் கல்வெட்டு படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஏழு பேரும் சண்டை போட்டார்கள். எங்கள் மலைக் கல்லூரியில் இதற்குப் பெரிய பெயர் வைத்து, படம் எடுத்து, புத்தகம் போட்டு, அதைக் காட்டியே இன்னும் பத்துப் பேரிடம் கை நீட்டியிருப்போம்.

பிறகு நிழலில் உட்கார வைத்துச் சொன்னாள். "இந்தப் பாகூர்ல பல்லவர் காலத்துலயே ஒரு காலேஜ் இருந்துச்சு. வித்யாஸ்தானம்னு பேரு. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆவுது. அத நடத்தறதுக்கு மூணு ஊர எழுதி வெச்சாங்க. செப்பேடு இதே ஊர்லதான் கெடச்சுது."

செல்வி என்ற பெண் கேட்டாள். "ஊரையே குடுத்தாங்களா மிஸ்? காலேஜ் கட்டவா?"

"கட்டறதுக்கு இல்ல. அங்க படிச்சுகினு சொல்லிக்குடுத்துகினு இருந்தவங்க சோத்துக்கு. எந்த ஊரு, எல்லை எது, இன்னாத்துக்குன்னு அத்தனையும் செம்புல வெட்டி வெச்சாங்க. யாரும் பிற்பாடு மாத்திடக் கூடாது பாரு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் கரஸ்பாண்டன்ட்டை, அதாவது தாளாளரைப் பார்த்தேன். கரும்பு விவசாயி, ஒரு அரிசி மில்லும் இருக்கிறது. வெள்ளை வேட்டி. கெட்டவர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று வரவேற்றார். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் லேமினேட் செய்து மாட்டியிருந்தது. நான் அனுப்பிய கடிதம்.

"எது மிகவும் தேவையோ அதற்கு." அவரே படித்துக் காட்டினார். "இத்தினி வருஷத்துல எவனும் இப்படிக் குடுத்ததில்லம்மா. ஃபேனுக்கும்பான், பென்ச்சுக்கும்பான். எங்கள நம்பிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

"ஆர்ச்தான் ரொம்பத் தேவைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"கமிட்டில ஒரு நாள் பூராப் பேசனோம். ஒருத்தர் பாத்ரூம்னாரு, ஒருத்தர் கம்ப்யூட்டர்னாரு. நான் சொன்னேன், இந்த ரோட்ல போறவனுக்கு உள்ள ஒரு காலேஜ் இருக்குன்னே தெரியல. ஆர்ச் வந்தா கண்ணுல படும். கண்ணுல பட்டா அட்மிஷன் வரும். அட்மிஷன் வந்தா வாத்தியாருங்க தானா வருவாங்க."

முந்தாநாள் கண்டக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் சொல்வதில் பாதி உண்மை. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அமுதா?" என்றேன்.

"தங்கமான பொண்ணு. எனக்கு மட்டும் அனுப்ப மனசா?"

"இனிமே வர்றத அவ சம்பளத்துக்குன்னு வெச்சுக்கலாமே."

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒரு வருஷம் குடுப்பீங்க. ரெண்டு வருஷம் குடுப்பீங்க. மூணாவது வருஷம் உங்க ஆளுங்களுக்குப் புள்ள கல்யாணம், வூடு கட்டறதுன்னு வந்துடும். அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னான்னு சொல்றது? ஆர்ச்சு நிக்கும்மா."

போன வருடம் கொடுத்தவர் இந்த வருடம் போன் எடுக்காமல் போவதை நான் தினமும் பார்க்கிறவள்.

இருந்தாலும் குழுவில் எழுதிப் பார்த்தேன். நம் வரலாற்று ஆசிரியைக்கு இரண்டு வருடச் சம்பளத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாமா என்று. கூடவே வளைவின் படத்தையும் போட்டது என் தப்பு. படத்துக்கு மளமளவென்று கைதட்டல் விழுந்தது. துபாய்க்காரர், "என் பேரு பாதிதான் தெரியுது, கிட்டப் போயி எடுத்து அனுப்பு" என்றார். பாரிஸிலிருந்து ஒருவர் மட்டும் என் கேள்வியைப் படித்திருந்தார். "ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் இன்னுமா இருக்குது?" என்று கேட்டார். சம்பளத்தைப் பற்றி வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. கல்லில் பேர் வந்துவிட்டது. சம்பளத்தில் எங்கே போய்ப் பேர் எழுதுவது?

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் வர மதியம் ஆகிவிட்டது. ஷாமியானாவுக்குக் கீழே பிள்ளைகள் வெந்துகொண்டிருந்தார்கள். மைக்கில் அமுதா. கல்லூரியில் கணீரென்ற குரல் அவளுக்குத்தான், எந்த விழாவானாலும் அவளைத்தான் நிறுத்துவார்கள். அன்றோடு வேலை முடிகிறவளையும் நிறுத்தினார்கள். யாருக்கும் அது உறைத்த மாதிரி தெரியவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"கடல் கடந்து போனாலும் கல்லூரியை மறக்காத எங்கள் முன்னாள் மாணவி" என்று என்னை மேடைக்கு அழைத்தாள். தாளாளர் பொன்னாடை போர்த்தினார். அந்த வெயிலில் அந்த ஜிகினாத் துணி கழுத்தில் குத்தியது. என்னைப் பேசச் சொன்னார்கள். என்ன பேசினேன்? நன்றி என்றேன். பெருமையாக இருக்கிறது என்றேன். ஊர்க்கூட்டத்தில் தாளாளரைத் தலைகுனிய வைக்க மனசு வரவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பொய். பொன்னாடை போட்டவுடன் எனக்கும் அது பிடித்திருந்தது.

அமுதா கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒவ்வொருவருக்கும் கைதட்டல். லட்டும் மிக்ஸரும் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, துபாய்க்காரர் பேரைப் படம் எடுக்கக் கல்லுக்குக் கிட்டே போனேன். நியூஸ்பேப்பரைக் கிழித்து எடுத்திருந்தார்கள். அவர் பேருக்கும் கீழே, கடைசி வரியாக, அவள் வாசிக்காத ஒரு பெயர் இருந்தது. 'செல்வி க. அமுதா, உறுவையாறு.'

அன்று அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலை நான் கடலூரில் சின்னம்மாவைப் பார்க்க வேண்டும். அவள் வருகைப் பதிவேட்டையும் பீரோ சாவியையும் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். ஒரே பஸ்ஸில் ஏறினோம். எங்களுக்கு முன் சீட்டில் ஒரு அப்பா, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். இன்ஜினியரிங் நாலும் வரிசையாக அலசப்பட்டன.

"நீ ஏன்டி குடுத்த?" என்றேன்.

"கல்லப் பாத்துட்டியா?" வெட்கப்பட்டாள். "ஏன், நான் பழைய மாணவி இல்லையா? உன் ஃபாரம் எனக்கும்தான் வந்துச்சு. சம்பளம் வந்தா ஏதோ முடிஞ்சதப் போட்டேன். எது ரொம்பத் தேவையோ அதுக்குன்னு இருந்துச்சு. பசங்கள மெட்ராஸ் மியூசியத்துக்கு இட்டுகினு போவாங்கன்னு நெனச்சேன்."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அது உன் சம்பளத்துக்குடி. அதுக்குத்தான் ஆரம்பிச்சதே. டிபார்ட்மென்ட மூடக் கூடாதுன்னு. உனக்காக."

அவள் என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த வருகைப் பதிவேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வயல் போனது, பிராந்திக் கடை போனது. கோபமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா ஒரு வார்த்த எழுதியிருக்கலாமேடி" என்றாள். "வாத்தியார் சம்பளத்துக்குன்னு. செம்புலகூட வேணாம். பேப்பர்லயே எழுதியிருக்கலாமே."

"ஆர்ச் எறங்கறவங்க வாங்க" என்றான் கண்டக்டர்.

பதிவேட்டை அணைத்துக்கொண்டு எழுந்தாள். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, படியை நோக்கிப் போனாள். முன் சீட்டு அப்பா தலையைத் திருப்பி வளைவைப் பார்த்தார். அழகாக இருக்கிறது, உள்ளே என்ன மண்டபம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அங்கே அமுதா ஒருத்திதான் இறங்கினாள்.